திருக்குற்றாலக் குறவஞ்சியின் முதற் குழுப்பாடல்: பவனி காண வரும் மகளிர்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குற்றாலக் குறவஞ்சியில் கட்டியக்காரன் வரவுக்கும் வசந்தவல்லி வரவுக்கும் இடையே பவனி காண மகளிர் திரண்டு வரும் பகுதி அமைந்துள்ளது. இப்பகுதியை உலா இலக்கிய மரபின் எச்சமாக மட்டும் கொள்வது போதாது. ஒரு கூட்டத்தின் எழுச்சியையும் தோல்வியையும் காட்டி, அதனின்று தனியொரு தலைவியின் காதலைத் தோற்றுவிக்கும் நாடக உறுப்பாக அது இயங்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

முன்னுரை

தாமிரபரணியின் துணையாறாகிய சிற்றாறு குற்றால மலையில் தோன்றிச் சீவலப்பேரியருகே அப்பேராற்றோடு கலக்கிறது. அக்கூடலிடம் முக்கூடற்பள்ளுக்குக் களமாயிற்று. மலைப்பகுதி குறவஞ்சிக்குக் களமாயிற்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, விருத்தமும் கண்ணியும் மாறிமாறி வரும் இசை நாடகம். 1944இல் ருக்மிணி தேவி இதனைக் கலாக்ஷேத்திராவின் வழி நாட்டிய நாடகமாக மேடையேற்றினார்.

இந்நூல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குறத்தியின் மலைவளம், குறி கூறல், சிங்கன் சிங்கி உரையாடல் ஆகியவற்றையே மையமாகக் கொள்கின்றன. நாடகத்தின் முதற் குழுப்பாடலாகிய மகளிர் எழுச்சி, தலைவி வருமுன் கடந்து செல்லும் வருணனையாகவே எண்ணப்படுகிறது. அது அகற்றப்படின் நாடகம் எதனை இழக்கும் என்பதே இங்கு எழும் வினா.

உலாவும் குறவஞ்சியும்

சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா தொடங்கி, உலா நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகின்றன. தலைவன் நகர்கிறான், பருவங்கள் வரிசையாக அவனை எதிர்கொள்கின்றன. இது கேட்போர் மனத்தில் விரியும் கால வரிசை.

திருக்குற்றால உலாவையும் பாடிய கவிராயர் இவ்வரிசையை அறியாதவர் அல்லர். ஆயினும் குறவஞ்சியில் பருவப் பகுப்பை அவர் கைவிடுகிறார். மகளிர் அனைவரும் ஒரே பொழுதில் தெருவில் திரள்கின்றனர். மானொன்றைக் கையிலேந்திய இறைவனைப் பின்தொடரும் மான்கூட்டமாக அவர்கள் உருவகிக்கப்படுகின்றனர். ஒன்று, கோடி என்னும் இம்முரண், கூட்டத்தினின்று ஒருத்தி வெளிப்படவிருக்கும் நாடகப் போக்கிற்கு முன்னறிகுறியாகிறது.

படையெழுச்சியும் அதன் முறிவும்

இப்பகுதியின் தொடக்க விருத்தம் மகளிரைக் காமனின் படையாகச் சித்திரிக்கிறது. விழி அம்பாகவும் புருவம் வில்லாகவும் சிலம்பொலி போர்முரசாகவும் அமைகின்றன. காமனை எரித்தவன்மீதே காமன் மீண்டும் படையெடுக்கிறான் என்பது இதன் உட்பொருள். வெல்லும் நோக்குடன் வந்த இப்படை எவ்வாறு தோற்கிறது என்பதை அடுத்துவரும் கண்ணிகள் மூன்று படிகளாகக் காட்டுகின்றன.

முதலாவது, அடையாளம் பற்றிய வழக்கு. வருபவன் நான்முகன் என ஒருசாரார் கூற, அவன் அணிந்த பாம்பு அதனை மறுக்கிறது. திருமால் எனப் பிறர் கூற, நெற்றிக்கண் அதனை மறுக்கிறது. அவ்விருவரும் இருமருங்கிலும் உடன்வருதலைக் கண்டபின்னரே ஈசன் எனத் தெளிகின்றனர். குற்றாலத்தில் திருமால் திருமேனியை அகத்தியர் சிவலிங்கமாக்கினார் என்பது தலமரபு. எனவே இவ்வையம் கவிமரபு சார்ந்த ஐயமாக மட்டும் நில்லாது, அவ்வூரார் நன்கறிந்த தலவரலாற்றையும் நினைவூட்டுகிறது. மேடையில் தோன்றாத தலைவனைக் காண்போர் உள்ளத்தில் உருவாக்குவதும் இவ்வழக்கே.

இரண்டாவது, ஒப்பனைக் குழப்பம். ஒரு கையில் வளையணிந்து மறுகையை மறத்தல், ரவிக்கையும் உடையும் இடம்மாறல், ஒரு கண்ணுக்கே மைதீட்டி விரைதல் ஆகியன நகைச்சுவையோடு அபிநயத்திற்கும் இடந்தருவன. போருக்கெழுந்த படை தன் படைக்கலத்தையே முறையாகத் தரிக்கவில்லை.

மூன்றாவது, வேட்கை. தலைவன் தெருவில் நெடுநேரம் நில்லானோ, ஒரு சொல் பேசானோ என ஏங்குகின்றனர். தம் வளையை அவன் கவர்ந்தான் எனப் புலம்புகின்றனர். முன்னர் அணிய மறந்த வளை, இங்கு உடல்மெலிவால் கழலும் அகமரபு வளையாக மாறுகிறது. நகை இரக்கமாகத் திரியும் இடம் இதுவே.

படர்க்கையும் தன்மையும்

‘என்பார்’ எனப் படர்க்கையில் அமைவதால் இது நாடகக் கூற்றன்று, கவிக்கூற்றே எனக் கருத இடமுண்டு. ஆயினும் மகளிர் வரவை விருத்தம் நிகழ்கால வினைமுற்றால் அறிவிக்கிறது. இது மேடை வரவுப் பாடலின் இயல்பு. கண்ணிகளின் இறுதிப் பகுதியில் ‘எங்கள்’, ‘நமக்கு’ என்னும் தன்மைப் பன்மைச் சொற்கள் மேற்கோளுள் புகுகின்றன. பாடுவோர் அம்மகளிரைப் பற்றிப் பாடிக்கொண்டே அம்மகளிராகவும் ஆகும் இரட்டைநிலைக்கு இவ்வமைப்பு வழிவகுக்கிறது.

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் குழுவினர் பாடியவாறு களம்புகும் ‘பரோடோஸ்’ என்னும் பகுதி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆங்குக் குழு பொதுவாக இறுதிவரை களத்தில் நிற்கும். இங்கோ தலைவியின் வரவோடு அதன் பணி நிறைவுறுகிறது.

தலைவியின் தோற்றம்

அடுத்து வசந்தவல்லி அணிகள் முழுமையாகப் பூண்டு வந்து பந்தாடுகிறாள். குலைந்த ஒப்பனையுடைய கூட்டத்தையடுத்து நிறைந்த ஒப்பனையுடைய ஒருத்தி வருவதால், அவளும் அந்நிலையடைவாள் என்னும் எதிர்பார்ப்பு எழுகிறது. அவள் இறைவனைக் கண்டு மயங்கி மன்மதனைப் பழிக்கும்போது, தொடக்க விருத்தத்துக் காமன் மீள்கிறான். அப்போது அவன் அம்புக்கு இலக்காகி நிற்பவள் தலைவியே.

முடிவுரை

மகளிர் எழுச்சி இல்லையெனில் வசந்தவல்லியின் காதல் காரணமற்ற தனிநிகழ்வாகும். ஊரே தோற்ற இடத்தில் அவளும் தோற்றாள் என்னும் நியாயத்தை இக்குழுப்பாடலே வழங்குகிறது. உலாவின் வரிசையைக் கூட்டமாகவும் கூட்டத்தைத் தனியொருத்தியாகவும் சுருக்கிய இவ்வமைப்பில் கவிராயரின் நாடகத்திறன் புலப்படுகிறது. ஆகவே, குறவஞ்சியை மேடைக்கெனச் சுருக்குவோர் முதலில் விலக்கக்கூடாத பகுதி இது என்பது இவ்வாய்வின் முடிபு.