மாதிரி விமானத்தின் கடையாணி

1871-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரின் துயிலரிப் பூங்காவில் ஆல்பான்சு பெனோ என்னும் இளைஞர் சிறியதொரு விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர் இழையே அதற்கு விசை. 11 நொடிகளில் அஃது ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவு நிலைகுலையாமல் பறந்து சென்றது. அவ்விமானத்திற்குச் சக்கரங்கள் இல்லை. கையிலிருந்து புறப்பட்டுச் செல்லும் இலேசான பொருளுக்கு அவை வேண்டுவதும் இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டினரான விக்தர் தாத்தென், அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்தார். நடுவில் நட்ட கம்பம் ஒன்றுடன் பிணைக்கப்பட்டிருந்த அவ்விமானம், வட்டமாகத் தரையில் ஓடித் தன் விசையாலேயே மேலெழுந்தது. ஓடி எழுவதற்குச் சக்கரங்கள் இன்றியமையாதவை ஆயின. 1928-இல் தொடங்கிய வேக்பீல்டு கோப்பைப் போட்டியிலும், ரப்பர் விசை விமானங்கள் கையால் எறியப்படாமல் தரையிலிருந்தே எழவேண்டும் என்னும் விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

சக்கரம் வந்தபொழுதே, அது கழன்று விழாமல் காக்கும் வேலையும் உடன் வந்தது. மாட்டுவண்டியில் அவ்வேலையைச் செய்வது கடையாணி. அச்சின் முனையில் செருகப்படும் அச்சிறு இரும்புத் துண்டு நழுவினால், வண்டி எத்துணைப் பெரிதாயினும் குடைசாய்ந்துவிடும். மாதிரி விமானத்திலும் நிலைமை அதுவே. ஆனால், இங்கே அச்சு விரற்பருமனும் அன்று, வெறும் கம்பி.

பியானோவின் நரம்புகளுக்குப் பயன்படும் வன்மையான எஃகுக் கம்பியை வளைத்தே இவ்விமானங்களின் கால்களைச் செய்கின்றனர். காலின் கீழ்ப்பகுதியைக் கிடையாக மடக்கினால் அதுவே அச்சாகிவிடுகிறது. சிறு விமானங்களுக்கு 2 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி போதும்; இரண்டு மூன்று கிலோகிராம் எடையுள்ளவற்றிற்கு 4 மில்லிமீட்டர் வரை வேண்டும். விமானம் இறங்கித் தரையில் மோதும்பொழுது இக்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிகின்றன. அடுத்த நொடியே மீண்டும் குவிகின்றன. விரியும்பொழுது தரையின் உராய்வு சக்கரத்தை உட்புறமாகத் தள்ளுகிறது. குவியும்பொழுது வெளிப்புறமாக இழுக்கிறது. பக்கக் காற்று வீசினால் இழுப்பு இன்னும் மிகும். இவற்றோடு, நிமிடத்திற்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழலும் சிறு எஞ்சினின் அதிர்வும் சேர்ந்து, இறுக்கிய திருகாணிகளையும் மெல்ல மெல்லத் தளர்த்துகிறது.

சக்கரம் ஒன்று வானிலேயே கழன்றுவிட்டால், இறங்கும்பொழுது வெறும் அச்சு மண்ணில் குத்தும். விமானம் ஒரு பக்கமாகச் சுழன்று, இறக்கையின் நுனி தரையில் அடிபடும். பல மாத உழைப்பு ஒரு கணத்தில் சிதையும். கீழே நிற்போர் தலைமேல் சக்கரம் விழுவதும் நேரலாம். இதற்கு அஞ்சிச் சக்கரத்தை அசையவொட்டாமல் இறுக்கிவிடுவதும் பயன் தராது. சுழலாத சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ள, விமானம் மூக்குக் குப்புற விழுந்து, முன்னுள்ள விசிறி ஒடிந்துபோகும். ஆகவே, தடுப்பு எதுவாயினும் சக்கரத்தைப் பிடிக்கவும் வேண்டும். பிடிக்காமல் இருக்கவும் வேண்டும்.

மிக இலேசான விமானங்களில், சக்கரத்தைக் கோத்தபின் கம்பியின் முனையை மேல்நோக்கி மடக்கிவிடுதலே போதும். மின்கம்பியின் மேலுறையில் சிறு துண்டு வெட்டி முனையில் செருகிப் பசை தொடுவதும் உண்டு. சற்றுக் கனத்த விமானங்களுக்கு இவை தாங்கா.

பழமையான முறைகளுள் சிறந்தது வாஷரைப் பற்றவைத்தல் ஆகும். முதலில் கம்பியின் முனையை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். அழுக்கும் எண்ணெயும் உள்ள இடத்தில் ஈயம் பற்றாது. பின்பு சக்கரத்தைக் கோத்து, அதன்மேல் எண்ணெய் தோய்த்த தாள் வட்டம் ஒன்றையும், அதற்கும் வெளியே பித்தளை வாஷரையும் கோக்க வேண்டும். வாஷரைக் கம்பியோடு பற்றவைக்கும்பொழுது, உருகிய ஈயம் சக்கரத்தின் துளைக்குள் ஓடாமல் தாள் தடுக்கிறது. ஈரத்துணியைச் சக்கரத்தின்மேல் சுற்றி வைத்தால் ரப்பரும் வெப்பத்தால் கெடாது. ஈயம் ஆறியபின் தாளைக் கிழித்து எடுத்துவிடுகின்றனர். அது விட்டுச் சென்ற இடைவெளி இருக்கின்றதே, சக்கரம் தடையின்றிச் சுழல்வதற்கு வேண்டிய இடம் அதுதான்! ஒரு தாள் இரண்டு வேலை செய்கிறது. அளவுகோலால் அளந்து விடும் இடைவெளி இத்துணைச் சீராக அமைவது அரிது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. தேய்ந்த சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் ஈயத்தை மறுபடியும் உருக்க வேண்டும். அதனால், காலர் எனப்படும் சிறு உலோக வளையமே இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. வளையத்தின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதை முடுக்கினால் அதன் முனை அச்சை அழுத்திப் பிடிக்கும். சக்கரத்தின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு காலர்களை வைக்க வேண்டும். உட்புறக் காலர் இல்லாவிடில், சக்கரம் கம்பியின் வளைவில் ஏறி இறுகிக்கொள்ளும்.

உருண்டையான கம்பியின்மேல் திருகாணி நன்கு ஊன்றி நிற்பதில்லை. திருகாணி படும் இடத்தில் கம்பியை அரத்தால் சிறிது அராவித் தட்டையாக்க வேண்டும். எஃகின் வன்மைக்கு நல்ல அரமும் பொறுமையும் தேவை. மிகுதியாக அராவினால் கம்பி அவ்விடத்தில் ஒடியும். கம்பியை வெட்டும்பொழுது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். துண்டான முனை அம்புபோல் பாயும். வெட்டிய முனையின் பிசிறையும் அராவிவிட்டால்தான் சக்கரம் எளிதில் நுழையும்.

தட்டையாக்கியபின்னும் அதிர்வு திருகாணியைத் தளர்த்தக்கூடும். அதற்கு வேதியியல் ஒரு துணை செய்திருக்கிறது. அமெரிக்க நாட்டின் ஆர்ட்போர்டு நகரில் பேராசிரியராய் இருந்த வெர்னான் கிரீபிள், 1953-இல் ஒருவகைப் பசையை உருவாக்கினார். மற்றப் பசைகளுட் பல காற்றில் உலர்ந்து இறுகும். இதுவோ காற்றுப் படும்வரை நீர்மமாகவே இருந்து, காற்றுப் புகாத திருகாணிப் புரிகளுக்கு இடையே உலோகத்தைத் தொட்டவுடன் இறுகத் தொடங்கும். ஒரு துளியே போதுமானது. அது சக்கரத்தின் துளைக்குள் வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறக்கவிடுமுன் விமானத்தைத் தூக்கிச் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டால், அது சில சுற்றுகளாவது தானே சுழல வேண்டும். இரு விரல்களால் பற்றி வெளியே இழுத்தால், தாளின் கனம் அளவே நகர்ந்து நின்றுவிட வேண்டும். பழகியவர்கள் ஒவ்வொரு முறை இறங்கியபின்னும் இவ்வாறு பார்க்கின்றனர். அவர்கள் கருவிப் பெட்டியில் இரண்டு காலர்களும் அவற்றிற்குரிய சிறு திறவுகோலும் எப்பொழுதும் இருக்கும். புல்வெளியில் விழுந்த காலரைத் தேடிக் கண்டெடுத்தவர் மிகச் சிலரே.