சாங்ஷன் லெட்டரில் உள்ள வட்டி நிற்குமா?

கோவளத்தில் மனை வாங்கி வீடு கட்டப்போகும் ஒரு தம்பதியர் தங்கள் சாங்ஷன் லெட்டரைக் காட்டினார்கள். முதல் பக்கத்தில் வட்டி விகிதம் கொட்டை எழுத்தில். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: பணம் வழங்கும் நாளில் நடப்பில் உள்ள வட்டியே பொருந்தும். நீங்கள் முதலில் படிக்கவேண்டியது அந்த வரியைத்தான்.

அமெரிக்காவில் கட்டணம் கட்டி வட்டியை 30, 60 நாட்களுக்குப் பூட்டி வைக்கலாம். நம் வங்கிகளில் அந்த வழக்கம் இல்லை. லெட்டர் ஆறு மாதம் செல்லும் என்றால் கடனுக்கான ஒப்புதல் செல்லும், அவ்வளவுதான்.

கோவளம் பக்கம் இதில் கூடுதல் கவனம் தேவை. கடலையொட்டிய மனை என்றால் பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மட்டும் போதாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும் வங்கி வக்கீல் பார்ப்பார். அதற்கே வாரங்கள் ஓடிவிடும். இடையில் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை, மாற்றலாம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது, 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் 5.5-க்கு இறங்கியது. ஆகவே வக்கீல் ஒப்பீனியனை முதலில் முடித்துவிட்டு, பிறகு வட்டியைப் பேசுங்கள்.

2019 அக்டோபருக்குப் பின் வங்கிகளில் வாங்கிய மிதக்கும் வட்டிக் கடன் பெரும்பாலும் ரெப்போவோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அதில் பேரம் இல்லை. அதன்மேல் வங்கி வைக்கும் 'ஸ்பிரெட்'டில்தான் பேரம். புதிதாக வருபவருக்குக் குறைந்த ஸ்பிரெட், பத்து வருடமாகத் தவறாமல் கட்டுபவருக்குப் பழைய ஸ்பிரெட் என்று இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கேட்காதவருக்கு யாரும் குறைத்துத் தருவதில்லை.

ஏற்கெனவே கடன் கட்டிவருபவர் ஸ்பிரெட்டைக் குறைத்துக்கொள்வதற்கும் செலவு உண்டு. பாக்கி 30 லட்சம், மிச்சம் 20 வருடம் என்று வைப்போம். 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 26,990 ரூபாய்; 8.5-ல் 26,035. மாதம் 955 ரூபாய் மிச்சம். உங்கள் வங்கியே மாற்றித் தர 0.25 சதவீதம் கேட்டால், ஜி.எஸ்.டி. சேர்த்து 8,850 ரூபாய். பத்து மாதத்தில் ஈடாகிவிடும்.

வேறு வங்கிக்குப் போனால் கதை வேறு. மிதக்கும் வட்டி என்றால் தனிநபரிடம் முன்கூட்டி அடைக்கும் அபராதம் வாங்கக்கூடாது, உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் எம்.ஓ.டி.யை (சொத்துப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்தை) புதிதாகப் பதியவேண்டும்: கடனில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை (உச்சம் 30,000), 1 சதவீதம் பதிவுக்கட்டணம் (உச்சம் 6,000). இந்தக் கணக்கில் அதுவே 21,000 ரூபாய். பிராசஸிங், வக்கீல், மதிப்பீட்டாளர் கட்டணங்கள் தனி. இரண்டு வருடம் கழித்துத்தான் லாபம் தெரியும்.

அதனால் முதலில் சொந்தக் கிளைக்கே போங்கள். வேறு வங்கி தரும் விகிதத்தை எழுத்தில் வாங்கி இணைத்து, ஸ்பிரெட்டைக் குறைக்கக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.