பல்கலைக்கழகம் போகும் பிள்ளையும் ஒன்ராறியோவின் மதுச் சட்டமும்

சென்ற வரிக் காலத்தில் எம்மிடம் வந்த ஒரு மாணவன் தன் கடதாசிகளை எல்லாம் மேசையில் பரப்பிவிட்டு, கடைசியாக ஒரு துண்டை மெல்ல நகர்த்தினான். "அண்ணை, இந்த அபராதத்தைச் செலவுக் கணக்கிலை கழிக்கலாமோ?"

ஊரிலிருந்து படிப்பு அனுமதியில் வந்தவன். வயது இருபது. மாலை நேரங்களில் காரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து வாடகையைச் சமாளிக்கிறான். பெற்றோல், காப்புறுதி, கார் திருத்தச் செலவு ஆகியவற்றில் தொழிலுக்கான பங்கைக் கழிக்கலாம். சட்டப்படி விதிக்கப்பட்ட அபராதத்தை மட்டும் கழிக்க முடியாது. அதைச் சொல்லிவிட்டு, எதற்காக அபராதம் என்று கேட்டோம்.

ஒரு வியாழன் இரவு நண்பர் வீட்டில் பியர் குடித்திருக்கிறான். இரவு இரண்டு மணிக்கு முடிந்தது. காரைத் தொடாமல் இரவுப் பேருந்தில் வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறான். அதுவரை எல்லாம் சரி. காலை எட்டரைக்கு வகுப்புக்குக் காரில் போகும்போது பொலிசார் மறித்து ஊதச் சொன்னார்கள். உடலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இரவு நான் கார் ஓடவே இல்லையே அண்ணை" என்று எம்மிடமும் வாதாடினான்.

நாம் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதால் அவனுக்கு அதையே ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். இரத்தத்திலுள்ள மதுசாரத்தை 100 மில்லி லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் இறங்கும். கோப்பி, குளிப்பு, தேசிக்காய்த் தண்ணி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. இரண்டு மணிக்கு 130 இருந்தால் எட்டரைக்கு ஆறரை மணி நேரம் போயிருக்கும். 97 இறங்கி, 33 மிச்சம். முப்பது வயதான, முழு 'ஜி' அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரிடம் இதே அளவு இருந்தால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒன்ராறியோவில் 2010 ஓகஸ்ட் 1 முதல் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள எந்தச் சாரதிக்கும் அளவு பூச்சியம். ஜி1, ஜி2 வைத்திருப்பவருக்கு எந்த வயதானாலும் பூச்சியம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எமது பிள்ளைகளில் அநேகர் இந்த இரண்டில் ஒன்றிலாவது அடங்குவார்கள்.

அவனுக்குச் சில நாட்கள் லைசன்ஸ் இல்லை, பணமும் போனது. ஆனால் அது மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வந்த விடயம்; குற்றப் பதிவு இல்லை. அவன் எவ்வளவு மலிவாகத் தப்பினான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

குடியாதே என்று சொல்லக் கோயிலிலும் வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நாம் விதிகளைச் சொல்கிறோம். முதலில் வயது. ஒன்ராறியோவில் 1971 வரை 21 ஆக இருந்தது. அந்த ஆண்டு 18 ஆக்கினார்கள், 1979 ஜனவரி 1 முதல் 19 ஆக உயர்த்தினார்கள். கியூபெக், மனிற்ரோபா, அல்பேர்ட்டா மாகாணங்களில் 18. எல்லை தாண்டி பஃபலோவுக்கோ நியூ ஜேர்சிக்கோ கலியாணத்துக்குப் போனால் 21. இலங்கையிலும் 2006 இலிருந்து 21. ஆகவே ஊரில் கடைக்காரர் விற்கக்கூடாத பத்தொன்பது வயதுப் பிள்ளை பியர்சனில் விமானத்தால் இறங்கியதும் சட்டப்படி வாங்கக்கூடியவன் ஆகிவிடுகிறான். 2024 செப்டெம்பர் முதல் மூலைக் கடைகளிலும் பியரும் வைனும் விற்கிறார்கள். முன்பு அதற்கென்று ஒரு கடை தேடிப் போகவேண்டும். இப்போது பால் வாங்கப் போன இடத்திலேயே இருக்கிறது.

19 ஆகாதவருக்கு மதுவை வாங்கிக் கொடுப்பது குற்றம். பெற்றோர் தமது வீட்டில் தமது பிள்ளைக்குக் கொடுப்பதை மட்டும் மாகாணச் சட்டம் தடுக்கவில்லை. மச்சானுக்கும் மருமகனுக்கும் பிறந்தநாள் விழாவில் ஊற்றிக் கொடுக்கும் மாமாமார் இந்த விதிவிலக்கில் அடங்கமாட்டார்கள். அக்காவின் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போவதும் குற்றமே. விடுதி அறை வசிப்பிடமாகக் கணிக்கப்படுவதால், வயது வந்தவர் விடுதியின் விதிகளுக்கு அமைய உள்ளே குடிக்கலாம். போத்தலைத் திறந்தபடி நடைபாதைக்கு வந்தால் அது வேறு கதை. மற்ற விதிகளை விடுதி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். கையெழுத்திட முன் அதை வாசிக்கும் பிள்ளையை நாம் இன்னும் காணவில்லை.

புதிய மாணவர் வாரம் பற்றியும் ஒரு சொல். பகிடிவதையை நாம் அறிவோம். இலங்கையில் அதைத் தடுக்க 1998 இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே அது சிரித்த முகத்தோடு, விளையாட்டு என்ற பெயரில், ஒரே மூச்சில் குடி என்று வரும். அப்படிக் குடித்து எழுப்ப முடியாமல் கிடப்பவனை "நித்திரை கொள்ளட்டும்" என்று விட்டுவிட்டுப் போகக்கூடாது. கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இரத்தத்தில் சேர நேரம் எடுக்கும். படுத்த பிறகும் அளவு ஏறும். மல்லாந்து கிடந்து சத்தி எடுத்தால் மூச்சு அடைக்கும். பக்கவாட்டில் கிடத்தி, கூட இருந்து, 911 ஐ அழைக்க வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அழைக்காமல் விடுவதுதான் எமது பிள்ளைகளிடம் உள்ள ஆபத்து. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்.

இனிப் பெரிய விடயத்துக்கு வருவோம். 80 மில்லிகிராமுக்கு மேல் ஓடினால் அது குற்றவியல் சட்டம். லைசன்ஸ் அந்த இடத்திலேயே 90 நாளுக்குப் போய்விடும். கார் ஏழு நாள் தடுத்து வைக்கப்படும். அது அப்பாவின் காராக இருந்தாலும் அப்படித்தான். குற்றத் தீர்ப்பானால் முதல் தடவைக்கே குறைந்தது 1,000 டொலர் அபராதம். அதன்மேல் வழமையாக 30 வீத மேலதிகக் கட்டணம் சேர 1,300. அளவு 160 அல்லது அதற்கு மேல் என்றால் அபராதம் 2,000. ஊத மறுத்தாலும் 2,000. பிறகு வாகனம் ஓட்டத் தடை, கட்டாய வகுப்பு, மூச்சு ஊதினால்தான் கார் இயங்கும் கருவி, காப்புறுதிக் கட்டண உயர்வு. இவ்வளவும் காசு. காசை உழைக்கலாம்.

2018 டிசெம்பர் 18 இல் இந்தச் சட்டம் மாறியது. அன்று முதல், சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும் சந்தேகம் எதுவும் இல்லாமலே, கருவி கையில் இருந்தால், பொலிசார் ஊதச் சொல்லலாம். அன்றுதான் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையும் ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக்கப்பட்டது. பத்து ஆண்டுச் சிறை நடைமுறையில் எவருக்கும் இலேசில் கிடைப்பதில்லை. ஆகவே பத்திரிகையில் பார்த்தவர்கள் கடந்து போயிருப்பார்கள். ஆனால் குடிவரவுச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. பத்து ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் கனடாவில் தீர்ப்பானவர் 'பாரதூரமான குற்றம்' செய்தவராகக் கணிக்கப்படுவார். உண்மையில் கிடைத்தது 1,000 டொலர் அபராதம் மட்டும் என்றாலும் கணக்கில் எடுப்பது உச்சத் தண்டனையையே. நிரந்தர வதிவிடம் பெற்றவரும் அதனால் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கலாம். 2018 க்கு முன் முதல் தடவை அபராதத்தோடு முடிந்த நிரந்தர வதிவாளருக்கு இந்தக் கேள்வி எழவில்லை. படிப்பு அனுமதியில் வந்த மாணவருக்கு முன்பும் ஆபத்து இருந்தது. இப்போது இன்னும் கூடிவிட்டது.

உடனே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று எவரும் பயப்பட வேண்டாம். அறிக்கை எழுதுவதா இல்லையா என்று அதிகாரிக்கு ஓரளவு விருப்புரிமை உண்டு. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் ஒரு கடிதம் வரும். தகப்பன் காணியை ஈடு வைத்துப் படிக்க அனுப்பிய பிள்ளைக்கு அந்தக் கடிதம் போதும். குடியுரிமை பெற்ற நண்பன் ஒருவனும் பெறாதவன் ஒருவனும் ஒரே மேசையில் ஒரே அளவு குடித்து, ஒரே தெருவில் பிடிபட்டால், ஒருவனுக்கு நீதிமன்றத்தோடு முடியும். மற்றவனுக்கு நீதிமன்றம் முடிந்த பிறகுதான் தொடங்கும்.

நாம் சட்டத்தரணி அல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்ற ஆலோசனையை, குடியுரிமை இல்லாத எவரும் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் ஏற்கக்கூடாது. பிணக்கு வீதியில் வேண்டாம். ஊதச் சொன்னால் ஊதுங்கள். கைதான பிறகு சட்டத்தரணியுடன் பேசும் உரிமை உண்டு, தொலைபேசியில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

எமது பிள்ளைகளில் பலர் விடுதியில் இருப்பதில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டிலிருந்து காரில் போய் வருகிறார்கள். மதுச்சாலை இரண்டு மணி வரை விற்கும். சுரங்க ரயில் ஒன்றரை அளவில் நின்றுவிடும். இந்த இடைவெளியில்தான் "கொஞ்சம்தானே, ஓடலாம்" என்ற முடிவு எடுக்கப்படுகிறது. இரவுப் பேருந்துகள் விடிய விடிய ஓடுகின்றன. அதன் பிறகு அப்பாவின் தொலைபேசி இருக்கிறது. எமது வீட்டில் இப்படி ஒரு ஒப்பந்தம்: எத்தனை மணி என்றாலும் அழைக்கலாம், எங்கிருந்தாலும் வந்து ஏற்றுவோம், காருக்குள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை, பேச்சு மறுநாள் பின்னேரம். மகன் இதுவரை இரண்டு தடவை அழைத்தான். இரண்டாம் தடவை சிநேகிதர்கள் மூவரையும் ஏற்றினோம். அதில் ஒரு பிள்ளை தன் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னது. காரின் வெளிச்சம் யன்னலில் படக்கூடாதாம்.

அந்த மாணவனுக்கு வரிப் படிவத்தை முடித்துக் கொடுத்தோம். அபராதத் துண்டைக் கோப்புக்குள் வைக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "வீட்டிலை ஒருதருக்கும் தெரியாது அண்ணை" என்றான்.

நிரந்தர வதிவிடம் கிடைத்துப் பல வருடமாகியும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே இன்னும் உள்ளன. கடந்த ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இங்கு இருந்திருந்தால், வரிப் பத்திரங்களும் ஒழுங்காக இருந்தால், விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிடம் கிடைக்க முன் மாணவராக இருந்த நாட்களும் ஒவ்வொன்றும் அரை நாளாக, ஆகக்கூடியது 365 வரை, கணக்கில் சேரும். நாட்களை எண்ண உதவி தேவையானவர்கள் சனிக்கிழமைப் பூசைக்குப் பின் மண்டபத்தில் எம்மைச் சந்திக்கலாம். கடவுச்சீட்டுகளை, பழையதையும் சேர்த்து, கொண்டுவாருங்கள்.