காமா குளோபுலின் இல்லாச் சிறுவர்

நான்காண்டுகளாக நியுமோனியா முதலிய கொடுநோய்களால் மீண்டும் மீண்டும் வருந்திய எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியை, அமெரிக்காவில் வால்ட்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையின் வைத்தியர் ஆக்டன் புரூட்டன் ஆராய்ந்தார். கிருமிகளை எதிர்க்கும் காமா குளோபுலின் அதில் இல்லை. அப்பொருளை மாதந்தோறும் ஊசியாற் செலுத்தவே சிறுவன் தேறினன். இச்செய்தியை அவர் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெனிசிலின் தோன்றுமுன் இத்தகைய சிறுவர் பலர் காரணம் அறியப்படாமலே மாண்டிருப்பர்.

இக்குறை எவ்வாறு நேர்கின்றது? எலும்பு மஜ்ஜையிற் பிறக்கும் இளவணுக்கள் படிப்படியாய் முதிர்ந்து 'பி' அணுக்களாகின்றன. காமா குளோபுலினை ஆக்குவன இவற்றின் வழிவந்த அணுக்களே. முதிர்தற்குரிய குறிப்பை அணுவினுள் கடத்துவது ஒரு நொதி. அந்நொதிக்குரிய ஜீன் பழுதுற்றால் இளவணு இடைவழியிலேயே நின்றுவிடும். 1993-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட அந்த ஜீன், எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டாதலின், ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்கும். ஒன்றே உடைய ஆணுக்கு அத்துணையில்லை. ஆகவே நலமுடன் வாழும் தாயின் வழியே மகனுக்கு நோய் வருகின்றது. அத்தாயே, கருவிலிருக்கையில் தன் காமா குளோபுலினையும் அவனுக்கு ஈந்து, பிறந்தபின் சில திங்கள் காக்கின்றாள் என்பது வியத்தற்குரியது! அது தேய்ந்த பின்னரே நோய்கள் தலைகாட்டும்.

ஊசிமருந்து ஜீனைத் திருத்தாது. வாழ்நாள் முழுதும் அதனைச் செலுத்தல் வேண்டும். அம்மருந்தோ பிறர் ஈந்த குருதியினின்றே எடுக்கப்படுகின்றது.