ஆற்றோரத்துச் சின்ன வண்டு



ஆற்றோர ஈரமணலில் கல்லைப் புரட்டினால் எள்ளு, நெல்லு அளவு வண்டுகள் விறுவிறுன்னு ஓடும். பிள்ளைகளே, நசுக்காதீங்க. தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இவை சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை.

இனம் காண்பது எப்படி?

1. கால் ஆறு இருக்கும். எட்டு என்றால் சிலந்தி வகை.
2. முதுகிலுள்ள இரண்டு கெட்டி ஓடும் நடுவில் நேர்கோடாகச் சேரும்.
3. தலைக்கொம்பு நூல் போலிருக்கும், 11 கணு.
4. பூதக்கண்ணாடியில் வாயோரத்துச் சிறு கொம்பைப் பாருங்கள். கடைசிக் கணு ஊசிமுனை போல இருந்தால், அது பெம்பிடியனோ அதன் நெருங்கிய சொந்தமோதான். பெம்பிடியனில் மட்டும் உலகில் 1200க்கு மேல் இனங்கள்.

மருந்து டேங்கியை ஓடையில் கழுவினால் இவையும் சாகும். கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிப்பதும் அதே தண்ணிதானே? ஓடையில் கழுவாதீர்கள்.