அடித்தலும் வர்க்கித்தலும்

திரிகோணமிதிச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பயிலும் மாணாக்கரிடையே வேரூன்றிய நம்பிக்கைகளுள் மிகச் சாதுவாகத் தோன்றுவதும், அதனாலேயே மிகுந்த அனர்த்தம் விளைப்பதும், இருபுறத்திலும் ஒரே உறுப்பு தென்பட்டால் அதை அடித்துவிடலாம் என்பதாகும். சைன் 2அ = சைன் அ என்ற சமன்பாட்டில், 0 பாகை முதல் 360 பாகைக்கு உட்பட்ட கோணங்களைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். இடப்புறம் 2 சைன் அ கொசைன் அ என விரிய, இருபுறமும் நிற்கும் சைனை அடித்தவுடன் கொசைன் அ = 1/2 என்றாகி, 60, 300 என்னும் இரண்டு விடைகள் கைக்கு வருகின்றன; வந்த திருப்தியில் பேனாவை மூடிவிடுவாரே பலர். அடித்தல் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடும் காரியமோ, உண்மையில் வகுத்தலேயன்றி வேறன்று. பூஜ்யத்தால் வகுக்கக் கணிதத்தில் அனுமதியில்லை. 0, 180 ஆகிய கோணங்களிலோ சைனின் மதிப்பு பூஜ்யமே. மூலச் சமன்பாட்டை ஐயத்துக்கிடமின்றி நிறைவேற்றும் அவ்விரு கோணங்களும் அடித்த அந்தக் கணத்திலேயே தொலைந்து போயின. எல்லாவற்றையும் ஒருபுறம் சேர்த்து, சைன் அ (2 கொசைன் அ − 1) = 0 என்று காரணிப்படுத்தி, ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே பூஜ்யமாக்கிப் பார்த்தவருக்கே 0, 60, 180, 300 என்ற நான்கும் அகப்படும்.

இதற்கு நேர்விரோதமான பிரமையும் உண்டு. இருபுறத்தையும் வர்க்கப்படுத்துவதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பர். சைன் அ + கொசைன் அ = 1 என்பதை வர்க்கித்தால், சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் கூடி 1 ஆகிவிட, எஞ்சுவது சைன் 2அ = 0; அது 0, 90, 180, 270 என்று நான்கு விடைகளைத் தருகிறது. ஆனால் 180-ஐயும் 270-ஐயும் மூலத்தில் இட்டுப் பார்த்தால் கூட்டுத்தொகை −1 என்று வருகிறதே! வர்க்கம் குறியை மறைத்துவிடுவதால், −1-க்கு உரிய விடைகளும், பந்தி நடுவே அமர்ந்துவிட்ட அழையா விருந்தாளிகளைப் போல, உள்ளே புகுந்துவிட்டன. வர்க்கித்தவர் விடைகளை மூலத்தில் இட்டுச் சோதிப்பது மரியாதைக்காக அன்று. அது தீர்வின் ஓர் அங்கம்.

சைன் (அ + ஆ) என்பதைச் சைன் அ + சைன் ஆ என்று பிரிக்கலாம் என்ற எண்ணத்துக்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை. 30-ஐயும் 60-ஐயும் இட்டால் அக்கூட்டல் ஏறத்தாழ 1.366 என்று வரும்; சைனோ 1-ஐத் தாண்டாது.

சைன் அ = 1/2 எனில் கோணம் 30 பாகையே என்னும் நம்பிக்கைக்கு மட்டும் சற்று அனுதாபம் காட்டலாம். ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய நூலில் தந்த 24 அரைநாண் (அதாவது சைன்) வேற்றுமைகளும் 90 பாகையோடு முடிகின்றன. பள்ளியில் புரட்டும் அட்டவணையும் அங்கேயே நின்றுவிடுகிறது. கணக்குக்கருவியும் ஒரே கோணத்தைத்தான் காட்டும். ஆயினும் 150 பாகைக்கும் சைன் 1/2 தான். இவ்விரண்டோடும் 360-இன் மடங்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். அதிலும் சைன் 2அ = 1/2 என்று கேட்கப்படும்போது, அ 360-க்குள் இருப்பின் 2அ 720 வரை செல்லும் என்பதை மறந்து, 15, 75 என்ற இரண்டோடு நிறுத்துவோரே அதிகம்; 390, 510 ஆகியவற்றின் பாதிகளான 195, 255 என்பனவும் அதே உரிமையுள்ள விடைகளே.