மிதக்கும் மின்நிலையம், கப்பல் உறுதிநிலைச் சோதனை: முக்கியக் குறிப்புகள்

வரையறை
• மிதக்கும் மின்நிலையம்: கப்பல் அல்லது மிதவைமேடையில் மின்பிறப்பாக்கிகள் பொருத்திக் கரைக்கு மின் வழங்கும் அமைப்பு
• மிதப்பு மையம்: இடம்பெயர்ந்த நீர்க் கனவளவின் மையம்
• மெட்டாசென்டர்: சிறு சரிவில் மிதப்பு விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி
• மெட்டாசென்டர் உயரம்: புவியீர்ப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் வரை
• புவியீர்ப்பு மையத்துக்கு மெட்டாசென்டர் மேலே = உறுதிச் சமநிலை; கீழே = உறுதியற்ற சமநிலை
• கருத்தின் முன்னோடி: பியர் பூகே (பிரான்ஸ்), 1746

முதன்மைகள்
• உலகின் முதல் மிதக்கும் அணுமின் நிலையம்: ஸ்டர்ஜிஸ் (அமெரிக்கா), 10 மெகாவாட்; இரண்டாம் உலகப்போர்க் கால லிபர்ட்டி கப்பலின் மாற்றுருவம்; உந்து இயந்திரம் நீக்கம்; 1968 முதல் 1970களின் நடுப்பகுதி வரை பனாமாக் கால்வாய்ப் பகுதி, காட்டுன் ஏரி
• அகாதெமிக் லொமொனொசொவ் (ரஷ்யா): 70 மெகாவாட், 2 உலைகள், பெவெக் நகரம், மின் வழங்கல் தொடக்கம் 2019 டிசம்பர்
• கார்பவர்ஷிப் (துருக்கி): பழைய சரக்குக் கப்பல்களை மின்கப்பல்களாக மாற்றும் நிறுவனம்
• இந்தியா: தண்ணீர்பாவி, மங்களூர், 220 மெகாவாட், 2001, எரிபொருள் நாப்தா, பின்னர் காக்கிநாடாவுக்கு இடமாற்றம்
• இலங்கை: கொழும்புத் துறைமுக மிதவை மின்நிலையம், 2000, சுமார் 60 மெகாவாட், 4 டீசல் இயந்திரங்கள்

கப்பலை மின்நிலையமாக்கும் மாற்றத்தால் வரும் விளைவுகள்
• மேல்தளத்தில் இயந்திரம், மின்மாற்றி, புகைபோக்கி = புவியீர்ப்பு மையம் உயர்வு, மெட்டாசென்டர் உயரம் குறைவு
• உயர்ந்த கட்டமைப்பு = காற்றுபடு பரப்பு அதிகம்
• அரைகுறையாய் நிரம்பிய எரிபொருள் தொட்டி = கட்டற்ற திரவப் பரப்பு விளைவு
• தொட்டியை அகலவாக்கில் சம பாகங்களாகப் பிரித்தல்: 2 பாகம் = விளைவு 1/4; 3 பாகம் = 1/9
• பெட்டி வடிவ மிதவை: மிதப்பு மையம் முதல் மெட்டாசென்டர் வரை = அகலத்தின் வர்க்கம் ÷ (12 × அமிழ் ஆழம்)
• எ.கா.: அகலம் 20 மீ, அமிழ் ஆழம் 4 மீ, விடை 8.33 மீ

சரிவுச் சோதனை
• நோக்கம்: வெற்றுக் கப்பலின் நிறை, புவியீர்ப்பு மையம் அறிதல்
• முறை: தெரிந்த நிறையைக் குறுக்காக நகர்த்தி, ஊசல் விலகலால் சரிவை அளத்தல்
• மெட்டாசென்டர் உயரம் = (நகர்த்திய நிறை × தூரம்) ÷ (இடப்பெயர்ச்சி நிறை × சரிவுக் கோணத்தின் தாஞ்சன்)
• உகந்த சரிவு: 1 முதல் 4 பாகை
• ஊசல் விலகல்: ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 15 செ.மீ.
• மறுசோதனை கட்டாயம்: வெற்று நிறை மாற்றம் 2% அல்லது நெடுக்கு மைய மாற்றம் கப்பல் நீளத்தின் 1% தாண்டினால்

பன்னாட்டு அளவுகோல்
• அமைப்பு: பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, தலைமையகம் இலண்டன்
• விதிக்கோவை: உறுதிநிலை விதிக்கோவை 2008, நடைமுறை 2010 ஜூலை 1
• தொடக்க மெட்டாசென்டர் உயரம்: குறைந்தது 0.15 மீ
• நிமிர்த்தும் நெம்புப்புயம்: 30 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட சரிவில் குறைந்தது 0.20 மீ
• மிதவைமேடை: 0.54 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தில் (நொடிக்கு 30 மீ) சரிவு, நீர்மேல் விளிம்புயரத்தின் பாதி அமிழும் கோணத்தைத் தாண்டாமை

இலங்கையின் கிழக்குக் கரை
• வாகரை (கடலோர ஊர்): மட்டக்களப்பு மாவட்டம், கோறளைப்பற்று வடக்கு
• மட்டக்களப்புச் சூறாவளி: 1978 நவம்பர் 23, காற்றுச் சரிவுக் கணிப்பின் அவசியத்துக்கு எடுத்துக்காட்டு
• இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை: 2004 டிசம்பர் 26
• கடல்நீர் அடர்த்தி (தொன்/கன மீ.) 1.025, நன்னீர் 1.000, கடலிலிருந்து நன்னீருக்கு வரும் கப்பலின் அமிழ் கனவளவு 2.5% அதிகம், களப்பின் உவர்நீர் இடைப்பட்டது
• கிழக்கின் இயற்கை ஆழ்துறைமுகம்: திருகோணமலை